மூன்று பேர், தரைத் தளம்

ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று அறிய ஆவல் என்று எழுதினால், "ஆவல் இருந்தா பஸ் ஏறி வரவேண்டியதுதானே" என்பாய். அதனால் ஆவலை விட்டுவிட்டு ஒரு வெட்கக்கேட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வியாழக்கிழமை மாநகராட்சிக் கூடத்தில் முந்நூறு பேர் முன்னால் அழுதேன். கண் லேசாகக் கலங்கியது என்று நினைத்துக்கொள்ளாதே. மூக்கைச் சிந்தி, தோள் குலுங்கி, பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டும் அளவுக்கு. எங்கள் மேயர், "ஆற்றின் இரு கரையிலும் இருப்பது ஒரே வீட்டுப் பிள்ளைகள். கூடப் பிறந்ததுக்கு ஒரு கூரை இல்லாதபோது இன்னொருத்தனுக்கு எப்படித் தூக்கம் வரும்?" என்று கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

இதில் என்ன வெட்கம் என்கிறாயா? அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவனே நான்தான். ஒரு வாரம் உட்கார்ந்து அடித்துத் திருத்தி, "இந்த இடத்தில் சற்று நிறுத்தவும்" என்று ஓரத்தில் பென்சில் குறிப்பும் போட்டிருந்தேன். அவர் நிறுத்தினார். நான் அழுதேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள், "இவ்வளவு உணர்ச்சி உள்ள ஆளை வரி வசூல்ல வெச்சிருக்கிறது பாவம்யா" என்று சொல்லிக் கூட்டு வீட்டுத் திட்டத்துக்கு மாற்றிவிட்டார்.

திட்டம் இதுதான். உங்கள் ஊரும் எங்கள் ஊரும் சேர்ந்து குறைந்த வாடகை வீடுகள் கட்டுகின்றன. உங்கள் ஊர்க்காரர் இங்கே வீடு கேட்கலாம், எங்கள் ஊர்க்காரர் அங்கே கேட்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் உங்கள் ஏழைகளை எல்லாம் எங்கள் தலையில் கட்டிவிடுவீர்கள் என்று எங்களுக்குப் பயம். உங்களுக்கும் அதே பயம். அதனால் ஒரு ஷரத்து வைத்திருக்கிறார்கள். தலைக்குத் தலை. அங்கிருந்து ஐந்து பேர் குடும்பம் ஒன்று இங்கே வந்தால், இங்கிருந்து ஐந்து பேர் குடும்பம் ஒன்று அங்கே போக வேண்டும். ஆறுக்கு ஆறு, மூன்றுக்கு மூன்று. ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் ஜோடி சேராது. அந்த ஜோடி சேர்க்கிற குமாஸ்தாதான் உன் அண்ணன். கல்யாணத் தரகருக்காவது பந்தியில் இடம் உண்டு.

போனில் பேச மாட்டேன் என்று நீ சொன்னது நியாயம்தான். "போன்ல நீ சிரிக்க வெச்சே என்னை அனுப்பிடறே. தாள்ல எழுது, நான் எடுத்து வெச்சுக்கறேன்" என்றாய். இதோ தாள். உன் மனு என் மேஜைக்கு வந்துவிட்டது. இனி நீ கவலையை விடு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மருமகளுக்கு என் அன்பு.

அண்ணன்


ஜனவரி 20

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ அழுததை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. இனிமேல் சிரிப்பு வரும் இடத்தில் ஒரு குறி போட்டு அனுப்பு, நான் அதைத் தாண்டிப் படித்துக்கொள்கிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் தாளில் இருக்கட்டும். இருபத்திரண்டு வருஷம் ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ரிப்பேர் செய்தவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கிறார். டாக்டர், "இந்த இதயத்தை வெச்சுக்கிட்டு படி ஏறக்கூடாது" என்றார். இவர், "இறங்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். "இறங்கினா ஏறணுமே" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது. இப்போது மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு மட்டும் இறங்குகிறார். திரும்பி ஏற ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. நான் சீருடைக் கம்பெனியில் அன்றைக்கு அரை நாள் லீவு போடுகிறேன்.

எங்கள் ஊர் கட்டிய கட்டடங்களில் தரைத் தளம் முழுவதையும் கடைகளுக்கு விட்டுவிட்டார்கள். கீழே குடியிருக்கிற மாதிரி வீடு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. டாக்டர் சான்றிதழ் இணைத்திருக்கிறேன். அவர், நான், உன் மருமகள். மூன்று பேர், தரைத் தளம். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் திறக்காவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணியும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

தங்கை


பிப்ரவரி 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு வலி. மாப்பிள்ளைக்கு முன்னால் என் இடுப்பைப் பற்றி எழுதக் கூடாதுதான், கை பழகிவிட்டது.

மூன்று பேர் குடும்பம் இவ்வளவு அபூர்வம் என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. ஐந்தும் ஆறும் வாசல் வரை வரிசையில் நிற்கின்றன. மூன்றைக் காணோம். நம் ஜனங்கள் இரண்டோடு நிறுத்துகிறார்கள், இல்லையென்றால் நிறுத்துவதே இல்லை.

ஒரு முடிதிருத்துபவர் சிக்கினார். அவர், மனைவி, கைக்குழந்தை. கணக்காக மூன்று. உங்கள் ஊருக்குப் போகச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டார். உன் கோப்பை எடுத்து அவர் கோப்போடு சேர்த்துக் கட்டினேன். பத்தாம் நாள் ஒரு பொட்டலம் மிட்டாயோடு வந்து நிற்கிறார். "சார், வீட்ல மறுபடியும் விசேஷம்!" நான் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே கட்டை அவிழ்த்தேன். அந்த முகத்தோடு வாழ்த்துகிற மனிதனை அவர் வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்து ஒரு பேக்கரி மாஸ்டர். அவர், மனைவி, அவருடைய அம்மா. எல்லாம் பொருந்திவிட்டது. கையெழுத்துப் போடும் நேரத்தில் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், அங்கேருந்து இங்க வேலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு பஸ் மாறணும். ஒண்ணே முக்கால் மணி ஆகும்."

"எனக்கு அடுப்பே அஞ்சு மணிக்குப் பத்த வெச்சாகணும் சார்."

"அந்த ஊர்லயும் ரொட்டி சாப்பிடறாங்களேய்யா. அங்கயே ஒரு வேலை பாத்துக்கலாமே?"

"உங்களுக்கு அங்க ஒரு வீடு குடுத்தா நீங்க போவீங்களா சார்?"

எனக்குப் போன் வருகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். போன் ஒன்றும் வரவில்லை. (குறி போட மறந்துவிட்டேன். இது சிரிப்பு வரும் இடம்.)

கிடைத்துவிடும். நான் இருக்கிறேன் அல்லவா? மாப்பிள்ளையின் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

அண்ணன்


மார்ச் 3

அண்ணனுக்கு,

அவருக்கு உடம்பு அப்படியேதான் இருக்கிறது. கால் வீக்கம் சாயங்காலமானால் கூடுகிறது, காலையில் வற்றுகிறது.

பேக்கரிக்காரர் கேட்ட கேள்வியை அவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் தாளை மடித்து வைத்தேன். உன் மருமகள்தான், "மாமா எதுக்கு எழுந்து போனாரு?" என்று கேட்டாள். இடுப்பு வலி என்றேன்.

மாடிப்படி திரும்புகிற இடம் ஒவ்வொன்றிலும் இப்போது ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார். இரண்டாவது மாடி வக்கீல் குமாஸ்தா தன் வீட்டு மெத்தை நாற்காலியையே கொடுத்துவிட்டார். மூன்றாவது மாடியில் இருக்கிற பாட்டு டீச்சருக்குத்தான் கோபம். "நாற்காலி வழியை அடைக்குது" என்று சத்தம் போட்டார். இவர் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி, "நாற்காலி மேல கோவப்படாதீங்கம்மா, நான்தான் அடைச்சுக்கிட்டிருக்கேன். சீக்கிரம் வழி விட்டுடறேன்" என்றார். அதற்குப் பிறகு டீச்சர் ஒரு தலையணை கொண்டுவந்து போட்டார். என்னால்தான் அவர் அப்படிச் சொன்னதை மறக்க முடியவில்லை.

போன வாரம் அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கீழே போகிறவர்களின் தலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் மேல் பக்கம்தான் தெரியுது. ஒரு மூஞ்சியைப் பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றார். நான் என் முகத்தைக் காட்டினேன். "அது இல்ல" என்றார்.

உன் கையில்தான் இருக்கிறது. மூன்று பேர், தரைத் தளம்.

நீங்கள் மூன்று பேரும் நலம்தானே?

தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமே. பதில் எழுதத் தாமதமானதற்குத் திட்டாதே. பிரிவில் வேலை அவ்வளவு.

ஒரு காட்சி சொல்கிறேன். காலை எட்டு மணிக்குப் பாலத்தின் நடுவில் நின்று பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் வீடு கிடைத்துப் போன எங்கள் ஆட்கள் வேலைக்காக இங்கே வருகிறார்கள். இங்கே வீடு கிடைத்து வந்த உங்கள் ஆட்கள் வேலைக்காக அங்கே போகிறார்கள். இரண்டு பஸ்ஸும் பாலத்தில் ஒன்றையொன்று தாண்டும்போது இரண்டு பக்கமும் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் முறைத்துக்கொள்கிறார்கள். "என் வீட்டைப் புடுங்கினவன் இவன்தான்" என்கிற பார்வை. சாயங்காலம் அதே பஸ், அதே பார்வை. எங்கள் மேயர் இந்தத் திட்டத்தின் வெற்றிக்கு அடையாளமாகப் பாலத்தில் கூட்டம் கூடியிருப்பதைச் சொல்கிறார். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

உன் விஷயம் கிட்டத்தட்ட முடிந்தேவிட்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அவர், மனைவி, கல்யாணமாகாத மகன். பையனுக்கு வேலையும் உங்கள் ஊரில்தான். இதைவிட நல்ல ஜோடி அமையாது என்று நான் தலைவரிடம் பந்தயமே கட்டினேன். போன திங்கட்கிழமை அப்பனுக்கும் மகனுக்கும் ஏதோ வாய்த்தகராறு. பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான். இப்போது இரண்டு பேர். தபால்காரர் என் மேஜை முன்னால் உட்கார்ந்து, "சார், அவன் வந்துருவான், மூணுன்னே இருக்கட்டும்" என்றார். "இருக்கிற தலையைத்தான் எழுதணும், இல்லாத தலையை எழுதினா எனக்கு வேலை போயிடும்" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பாவம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்கப் புறப்பட்டேன். பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை ஜாக்கிரதை.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணனுக்கு,

இங்கே அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். துணி காய்ந்தது.

எங்கள் ஊர் வீட்டுத் திட்ட ஆபீசுக்கு நேரிலேயே போய்விட்டேன். அங்கே உன் வேலையைப் பார்ப்பவர் ஒரு அம்மா. பெரிய கண்ணாடி போட்டிருப்பார். என் மனுவைப் பார்த்துவிட்டு, "கீழ்த் தள வீடு அங்க காலியாத்தான் இருக்கு. ஜோடிக்குத்தான் ஆள் இல்ல" என்றார். அப்புறம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கண்ணன் அங்க ஜோடிப் பிரிவுலதானே இருக்காரு?"

"ஆமாங்க."

"சொந்த வீட்லயா இருக்காரு?"

"வாடகைதான்."

"அப்ப அவரே மனு போடலாமே! மாநகராட்சி ஊழியரும் போடலாம்னு ஷரத்துலயே இருக்கே. அவர் வீட்ல எத்தனை பேரு?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "கூடப் பொறந்த அண்ணன் வீட்ல எத்தனை பேருன்னு தெரியாதா?"

"போக்குவரத்து இல்லீங்க" என்றேன்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, அது ஒன்றும் முழுப் பொய் இல்லை என்று தோன்றியது.

இந்த மாதம் அவருக்கு ஏற ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஆகிற அதே நேரம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


ஜூன் 5

என் அன்புத் தங்கச்சிக்கு,

ஒன்றரை மாதமாக நான் பேனாவைத் தொடவில்லை. நீ என்னென்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் நினைத்து முடித்திருந்தால், இனி இதைப் படி.

மனு போட்டுவிட்டேன். என் சொந்த மனு. உங்கள் ஊரில் வீடு கேட்டு.

உன் அண்ணியிடம் சொல்ல நான் பட்ட பாடு இருக்கிறதே! இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தேன். அவள் வேலை பார்க்கும் கிளினிக் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. பாப்பாவுக்கு இது கடைசி வகுப்பு. கத்தப் போகிறாள் என்று கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஆரம்பித்தேன்.

"எதுக்கு இப்படிப் புழுங்க வெக்கறீங்க? சொல்ல வந்ததைச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். வெங்காயம் நறுக்குவதைக்கூட அவள் நிறுத்தவில்லை.

"இதைச் சொல்ல உங்களுக்கு அஞ்சு மாசம் ஆச்சாக்கும்?"

"உனக்கு அந்த ஊர்ல போய் என்ன பண்றதுன்னு..."

"இங்க என்ன பண்றேன்? உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கேன். அதை எந்த ஊர்ல இருந்தும் பண்ணலாம். போட்டுத் தொலைங்க. ஆனா தங்கச்சிக்காகத் தியாகம் பண்ணினேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க."

அதனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் ஆபீசில் கவுண்டருக்கு வெளியே வந்து நின்று மனுவை நீட்டினேன். அப்புறம் உள்ளே போய் நானே வாங்கினேன். "நாளைக்கு வாங்க" என்று எனக்கே சொல்லிவிடப் பார்த்தேன், அவ்வளவு பழக்கம். குமாஸ்தா தன் கோப்பைத் தானே ஜோடி சேர்க்கக் கூடாது என்பதால், என் மனுவும் உன் மனுவும் இப்போது தலைவரின் பீரோவுக்குள் போய்விட்டன. மாதம் ஒரு முறை அவர் பீரோவைத் திறப்பார்.

மாப்பிள்ளையிடம் சொல். வாய்விட்டுச் சிரிக்க வேண்டாம், புன்னகை போதும்.

அண்ணன்


ஜூன் 14

என் அண்ணாவுக்கு,

அண்ணா, நீயும் அண்ணியும் பாப்பாவும், நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மூன்றுக்கு மூன்று. கண்ணுக்கு முன்னாலேயே இருந்ததை நான் கேட்காமலும் நீ சொல்லாமலும் எத்தனை மாதம் ஓட்டியிருக்கிறோம் பார்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். அண்ணி வெங்காயம் நறுக்கின இடத்தில் சத்தமாகவே சிரித்தார். மூச்சு வாங்கியது. "பரவால்ல, படி. இதுக்கு வாங்கலாம்" என்றார். அன்றைக்கு முகச்சவரம் செய்துகொண்டார். பழைய ஸ்க்ரூடிரைவர் பெட்டியைத் திறந்து எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார். புது வீட்டுக் கதவுக் கொண்டி நிச்சயம் ஒழுங்காக இருக்காதாம், போனதும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

சனிக்கிழமை நானும் உன் மருமகளும் உங்கள் ஊருக்கு வந்து அந்த வீட்டை வெளியே இருந்து பார்த்துவிட்டு வந்தோம். அவர் தனியாக இருந்ததால் உங்கள் வீட்டுக்கு வர நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே. வாசலில் படியே இல்லை அண்ணா. ஒரே ஒரு கல். அதுவும் என் உள்ளங்கை உயரம்தான். வாசலிலிருந்து ரோட்டுக்குப் பதினோரு அடி என்று அவள் நடந்து எண்ணினாள். திரும்பி வந்து அவரிடம் சொன்னபோது, "பதினொண்ணுதானா? அப்ப நான் போய் டீ குடிச்சிட்டு வருவேன்" என்றார். டீக்கடை அங்கே இருக்கிறதா என்று பார்க்காமல் வந்துவிட்டோம். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உன்னைப் பற்றித் தப்பாக நினைத்தேன். எவ்வளவு தப்பாக என்று எழுத மாட்டேன். தாளை நீயும் எடுத்து வைப்பாய்.

பீரோ எப்போது திறக்கும்?

உன் தங்கை


ஜூலை 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

தலைவர் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருக்கிறார். பீரோச் சாவி அவர் இடுப்பில். முறைப்படி எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. டீக்கடை இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது.

அவசரத்தில் எழுதுகிறேன். விவரமாகப் பிறகு.

அண்ணன்


ஆகஸ்ட் 23

அண்ணனுக்கு,

அன்றைக்கு நீங்கள் மூன்று பேரும் வந்திருந்தபோது என்னால் பேச முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தோம். முதல் மாடியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தார். இரண்டாவது மாடியில் அரை மணி நேரம். மூன்றாவது மாடி நாற்காலியில் உட்கார்ந்து, "நீ போய்க் கதவைத் திறந்து வை, நான் வர்றேன்" என்றார். நான் போய்க் கதவைத் திறந்து வைத்தேன்.

நீ ஏறி வரும்போது மூச்சு முட்டி அதே நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாயாம். உன் மருமகள் சொன்னாள். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குடும்பத்தில் எண்ணிக்கை மாறினால் ஏழு நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கண்ணாடிக்கார அம்மாவே தாளை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேர் என்று எழுதினேன். ஐந்தாவது நாள் ஜோடி கிடைத்துவிட்டது. உங்கள் ஊர்த் தபால்காரரும் அவர் மனைவியும். அவர்கள் மகன் திரும்பி வரவே இல்லையாம். டாக்டர் சான்றிதழ் இனிச் செல்லாது என்பதால் வீடு மூன்றாவது மாடியில். எங்கள் இரண்டு பேருக்கும் கால் நன்றாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் இந்தப் படியில் தினமும் ஏற முடியவில்லை. அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறோம்.

உன் மனு இன்னும் பீரோவில் கிடக்கும். அதை ரத்து செய்துவிடு. அண்ணி ஒத்துக்கொண்டதே பெரிது, இனி வீணாக ஊர் மாற வேண்டாம். தலைவர் சாவி கொடுக்காததற்கு நீ என்ன செய்வாய்? நீ செய்ய வேண்டியதைச் செய்தாய். "உங்கண்ணன் கிண்டல் பேசினாலும் கடைசில ஆளு நல்லவர்தான்" என்று அவரும் சொன்னார். அவர் சொன்னதாகத் தாளில் இருக்கட்டும்.

நீங்கள் மூன்று பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூசுகிறது. அதனால் கேட்கவில்லை.

உன் கடிதத்தை உன் அண்ணியும் படித்தாள். படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். நான்கு நாளாக என்னைத் திட்டவில்லை.

நான் முயற்சி செய்யாமல் இருக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். முடிதிருத்துபவர் வீட்டுக்கு இரண்டு முறை நடந்தேன். பேக்கரி மாஸ்டருக்கு உங்கள் ஊரில் வேலை தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். அதையெல்லாம் நான் எழுதவில்லை, எழுதினால் பெருமையடிக்கிறேன் என்பாய். தபால்காரர் மகனைத் தேடி அந்த நண்பன் அறைக்கே போய்க் கெஞ்சினேன். இரண்டு ஊரும் சேர்ந்து ஆயிரத்து இருநூறு வீடு கட்டின. செங்கல்லில் இருந்த ஒற்றுமை ஆட்களில் இல்லை. ஒரு ஊர் கொடுக்கிற தலையை அடுத்த ஊர் எண்ணி வாங்குகிறது, அதை எண்ணுவதற்கு என்னைப் போல ஒருவனை உட்கார வைத்திருக்கிறது. நோயாளி என்றால் ஜோடி வேண்டாம் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அதற்கு இரண்டு மேயர்களும் மறுபடி ஒரு மேடையில் ஏற வேண்டுமாம். கடைசியாக என் சொந்த வீட்டையே தூக்கிப் போட்டேன். அதற்கும் பீரோ திறக்கவில்லை. இதற்கு மேல் ஒரு அண்ணன் என்ன செய்ய முடியும் என்று நீயே சொல்லிவிட்டாய். அந்தத் தாளை நானும் எடுத்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் வரும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன். சாமான்களை மூன்றாவது மாடிக்கு ஏற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். மருமகளிடம், மாமா வருவார் என்று சொல்.

அண்ணன்

பின்குறிப்பு: நீ சொன்னபடி இன்றைக்கு என் மனுவை ரத்து செய்துவிட்டேன். ரத்துச் சீட்டில், பழைய மனுவில் உள்ளதை உள்ளபடியே பார்த்து எழுத வேண்டும் என்றார் தலைவர். பெயர், தொழில், இப்போதைய விலாசம் எல்லாம் எழுதினேன். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்தில், என் கையெழுத்தில், நான்கு என்று இருந்தது. அதையும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.